ஏ-லெவல் சமயம், மெய்யியல், அறவியல்: புதிதாகத் தொடங்குவோருக்கு

இங்கிலாந்தில் ஜிசிஎஸ்இ முடித்து சிக்ஸ்த் ஃபார்முக்குப் போகும் பிள்ளை, மூன்று பாடங்களில் ஒன்றாக ரிலிஜியஸ் ஸ்டடீஸ் எடுக்கப்போவதாகச் சொன்னால் தமிழ் வீட்டில் இரண்டு கேள்விகள் எழும். "அது வேதப் பாடமா?" "அதைப் படித்து என்ன செய்வாய்?"

வேதப் பாடம் அல்ல. பல பள்ளிகளில் இதைப் 'பிலாசஃபி அண்ட் எதிக்ஸ்' என்றே அழைக்கிறார்கள். கடவுள் உண்டு என்று அறிவால் நிறுவ முடியுமா, உலகில் இத்தனை துன்பம் இருக்கும்போது நல்ல கடவுள் இருக்க முடியுமா, பொய் சொல்வது எப்போதுமே தவறா, தீராத நோயாளி சாக உதவி கேட்டால் மருத்துவர் என்ன செய்யலாம் என்பவைதான் பாடத்தின் நடு. நம்பிக்கை உள்ளவரா இல்லாதவரா என்பதற்கு மதிப்பெண் கிடையாது. இந்து, கிறித்தவர், முஸ்லிம், நாத்திகர் எவரும் ஒரே தாளில் எழுதி ஏ ஸ்டார் வாங்கலாம்.

இரண்டாம் கேள்விக்கும் பதில் நேரானது. பல்கலைக்கழகச் சேர்க்கையைக் கையாளும் யூகாஸின் கணக்கில் மற்ற ஏ-லெவல்களுக்குள்ள அதே புள்ளிகள்தான்: ஏ ஸ்டாருக்கு 56, ஏ-க்கு 48, பி-க்கு 40. சட்டம், தத்துவம், அரசியல், வரலாறு படிக்கப் போகிறவர்களுக்கு இது நேரடிப் பயிற்சி. மருத்துவத்துக்குப் போகிறவர்கள் வேதியியலோடும் உயிரியலோடும் மூன்றாவதாக இதை எடுப்பதும் உண்டு. விண்ணப்பிக்கப்போகும் கல்லூரி அதை ஏற்கிறதா என்று அதன் சேர்க்கை விதிகளைப் பார்த்துக்கொண்டு முடிவு செய்யுங்கள். வாசிக்கவும் எழுதவும் பிடிக்காதவர்களுக்கு இது ஏற்ற பாடமல்ல. இரண்டு ஆண்டும் கட்டுரை, கட்டுரை, கட்டுரைதான்.

முதல் வாரம்: எந்த போர்டு?

வகுப்புத் தொடங்கிய முதல் வாரமே ஆசிரியரிடம் கேட்க வேண்டியது, எந்தத் தேர்வு வாரியம் என்பது. பாடப் பெயர் ஒன்றாக இருந்தாலும் தாள் அமைப்பு வேறு வேறு. ஓசிஆரில் மூன்று தாள்கள், ஒவ்வொன்றும் 2 மணி நேரம், 120 மதிப்பெண். ஏகியூஏவில் இரண்டே தாள்கள், ஒவ்வொன்றும் 3 மணி நேரம், 100 மதிப்பெண். எடுகாஸில் மூன்று தாள்கள், 2 மணி நேரம், 100 மதிப்பெண். எடெக்செல் நான்கு தாள்கள் வைத்திருக்கிறது; பள்ளி அவற்றில் மூன்றைத் தேர்ந்தெடுக்கும். கேள்வியின் உருவமும் மாறும்: ஏகியூஏ 10 மதிப்பெண்ணுக்கு விளக்கச் சொல்லி, 15 மதிப்பெண்ணுக்கு மதிப்பிடச் சொல்லும், ஓசிஆர் இரண்டையும் ஒரே 40 மதிப்பெண் கட்டுரையில் கேட்கும். வேறு போர்டுக்கு எழுதிய நோட்ஸை இணையத்தில் எடுத்து மனப்பாடம் செய்து ஏமாறுகிறவர்கள் ஒவ்வோர் ஆண்டும் உண்டு.

போர்டு தெரிந்ததும் அதன் இணையதளத்திலிருந்து ஸ்பெசிஃபிகேஷனைத் தரவிறக்கி அச்சிடுங்கள். எந்தத் தத்துவஞானி, எந்தக் கலைச்சொல், எந்த வாதம் என்று வரிவரியாக அதில் இருக்கும். அதில் பெயர் சொல்லியிருக்கும் எதையும் கேள்வியில் நேராகக் கேட்கலாம். பெயர் இல்லாதவர்களை நீங்கள் விரும்பினால் சேர்க்கலாம், கட்டாயமில்லை. பழைய வினாத்தாள்களைச் சேர்க்கும்போது ஆண்டைப் பாருங்கள். இப்போதைய பாடத்திட்டம் 2016 செப்டம்பரில் தொடங்கியது; முதல் தேர்வு 2018-இல். அதற்கு முந்தைய தாள்கள் வேறு பாடத்திட்டம், வேறு மதிப்பெண் முறை. இப்போது கோர்ஸ்வொர்க்கும் இல்லை. எல்லாம் இரண்டாம் ஆண்டு முடிவில் எழுதும் தேர்விலேயே.

கீழே சொல்வதை ஓசிஆரை வைத்துச் சொல்கிறோம். கட்டுரைக் கலை எல்லா போர்டுக்கும் பொது.

ஓசிஆரின் முதல் தாள் சமய மெய்யியல், இரண்டாம் தாள் சமயமும் அறவியலும், மூன்றாம் தாள் ஒரு சமயத்தின் சிந்தனை வளர்ச்சி. மூன்றாவதற்குக் கிறித்தவம், இஸ்லாம், யூதம், பௌத்தம், இந்து சமயம் என ஐந்து வழிகள் உண்டு. ஆனால் தேர்வு உங்களுடையதல்ல, பள்ளியுடையது. பெரும்பாலான பள்ளிகள் கிறித்தவத்தையே எடுக்கின்றன. ஒவ்வொரு தாளிலும் நான்கு கேள்விகள் வரும், மூன்றுக்கு எழுத வேண்டும். ஆக இரண்டு ஆண்டுப் படிப்பு ஒன்பது கட்டுரைகளில் வந்து முடிகிறது, ஒவ்வொன்றுக்கும் 40 நிமிடம். வாசிப்பு, குறிப்பெடுப்பு, மனப்பாடம் எல்லாவற்றையும் அந்த 40 நிமிடத்தை மனத்தில் வைத்தே செய்ய வேண்டும்.

16-உம் 24-உம்

ஒரு கட்டுரையின் 40 மதிப்பெண் இரண்டாகப் பிரியும். ஏஓ1 என்பது அறிவும் புரிதலும்: 16. ஏஓ2 என்பது பகுத்தாய்ந்து மதிப்பிடுவது: 24. இந்த 40:60 விகிதம் நான்கு போர்டுகளுக்கும் பொது.

இதன் பொருளைக் கணக்காகப் பாருங்கள். ஒருவர் தனக்குத் தெரிந்ததையெல்லாம் அழகாக விளக்கி, கடைசிப் பத்தியில் மட்டும் "என் கருத்துப்படி" என்று நான்கு வரி எழுதுகிறார். ஏஓ1-இல் 15 வாங்கலாம். ஏஓ2-இல் 8 தாண்டுவது கடினம். மொத்தம் 23. இன்னொருவர் பாதி விவரமே எழுதினாலும் முதல் வரியிலிருந்து வாதாடுகிறார்: 12-உம் 20-உம், மொத்தம் 32. அதிகம் படித்தவர் பின்தங்குவது இப்படித்தான். ஜிசிஎஸ்இயில் மிக உயர்ந்த தரமான 9 வாங்கியவர்கள் முதல் கட்டுரையில் சி வாங்கித் திகைப்பதற்கும் பெரும்பாலும் இதுவே காரணம். இது அவர்களின் அறிவுக் குறைவல்ல. அங்கே விளக்கினால் போதும். இங்கே தீர்ப்புச் சொல்ல வேண்டும்.

ஒரு பத்தியை அருகில் வைத்துப் பார்ப்போம்

பயிற்சிக்கு ஒரு கேள்வி: "ஆன்செல்மின் வாதம் வெறும் சொல் விளையாட்டு. விவாதிக்க."

கேன்டர்பரியின் பேராயராக இருந்த ஆன்செல்ம் (1033–1109), கடவுளை 'இதைவிடப் பெரியது எண்ண முடியாதது' என்று வரையறுத்தார். மனத்தில் மட்டும் இருப்பதைவிட உண்மையிலும் இருப்பது பெரியது. ஆகவே அப்படிப்பட்ட ஒன்று மனத்தில் மட்டும் இருக்க முடியாது, உண்மையிலும் இருந்தாக வேண்டும் என்பது வாதம். அவர் காலத்துத் துறவியான கௌனிலோ, இதே முறையில் மிகச் சிறந்த தொலைந்த தீவு ஒன்றும் இருந்தாக வேண்டுமே என்று மறுத்தார். இவ்வளவும் எல்லா மாணவருக்கும் தெரியும். வழக்கமாக வரும் பத்தி இது:

"கௌனிலோ ஆன்செல்மை மறுத்தார். அவர் ஒரு தீவைக் கற்பனை செய்யச் சொன்னார். அதைவிடச் சிறந்த தீவு இல்லை. ஆகவே அது இருக்க வேண்டும். இது அபத்தம். ஆனால் ஆன்செல்ம் இதற்குப் பதில் சொன்னார். ஆகவே இரு பக்கத்திலும் நியாயம் இருக்கிறது."

இதில் ஒரு வரியும் பொய்யில்லை. ஆனாலும் மேலே ஏறாது. கேள்வியில் உள்ள 'சொல் விளையாட்டு' எங்கும் தொடப்படவில்லை. ஆன்செல்ம் என்ன பதில் சொன்னார் என்று இல்லை. இரு பக்கமும் நியாயம் என்பது தீர்ப்பே அல்ல, தீர்ப்பைத் தள்ளிப்போடுவது. அதே விவரத்தை இப்படி எழுதலாம்:

"வாதம் சொல் விளையாட்டே என்பதற்குக் கௌனிலோவின் தீவு நல்ல சான்றுபோலத் தோன்றும்: அதே படிகளில் ஏறி இல்லாத தீவையும் இருக்கவைத்துவிடலாம். ஆனால் தீவு எல்லையுள்ள பொருள். எத்தனை தென்னை நின்றாலும் இன்னொன்று நடலாம். எனவே 'இதைவிடச் சிறந்தது எண்ண முடியாத தீவு' என்ற கருத்தே நிலைகொள்வதில்லை என்று பிளான்டிங்கா காட்டுகிறார். ஆன்செல்மும் தன் வாதம் இல்லாமல் போகவே முடியாத ஒன்றுக்கு மட்டுமே பொருந்தும் என்கிறார், தீவு அப்படிப்பட்டதல்ல. ஆகவே தீவு எடுத்துக்காட்டு வாதத்தை வீழ்த்தவில்லை. குற்றச்சாட்டு நிற்க வேண்டுமானால் 'இருத்தல்' என்ற சொல்லையே சோதிக்க வேண்டும். அதைச் செய்தவர் காண்ட்."

நீளம் அதிகமில்லை. முதல் வரியே கேள்வியின் சொல்லைப் பிடிக்கிறது. விவரம் வாதத்துக்குள் கரைந்து வருகிறது. மறுப்பு, மறுப்புக்கு மறுப்பு, எது கனமானது என்ற எடைபோடல், அடுத்த பத்திக்கான வாசல் எல்லாம் இருக்கின்றன. அடுத்த பத்தியில் ஜெர்மன் மெய்யியலாளர் காண்ட்டின் நூறு தாலர் (பழைய ஜெர்மன் நாணயம்) வரும்: கற்பனையில் உள்ள நூறு நாணயத்துக்கும் பையில் உள்ள நூறு நாணயத்துக்கும் கருத்தளவில் வேறுபாடில்லை, 'இருக்கிறது' என்பது ஒரு பொருளுக்குப் புதிய பண்பு எதையும் சேர்ப்பதில்லை.

இப்படி நான்கு பத்திகள் போதும். வலுக்குறைந்த மறுப்பில் தொடங்கி வலுவானதில் முடியுங்கள். வலுவானதை முதலில் வைத்தால் கட்டுரை போகப் போகத் தளரும். முன்னுரை மூன்று வரி: கேள்வியின் கூற்றை ஏற்கிறீர்களா மறுக்கிறீர்களா, எந்தக் காரணத்தால் என்று அங்கேயே சொல்லிவிடுங்கள். ஆன்செல்ம் எங்கே பிறந்தார் என்பதற்கு மதிப்பெண் இல்லை. முடிவுரையில் புதிய பெயர் எதையும் கொண்டுவராதீர்கள்.

தமிழில் நினைத்து ஆங்கிலத்தில் எழுதுகிறவர்கள் வழுக்கும் இடங்கள்

வீட்டில் தமிழ் பேசி வளர்ந்தவர்களுக்கும், சென்னையிலிருந்தோ யாழ்ப்பாணத்திலிருந்தோ பதினைந்து பதினாறு வயதில் இங்கே வந்து சேர்ந்தவர்களுக்கும் ஒரு தனிச் சிக்கல் உண்டு. பாடத்தின் முக்கியச் சொற்கள் எல்லாவற்றுக்கும் நம்மிடம் ஏற்கெனவே சொற்கள் இருக்கின்றன. அவை வேறு பொருளை உடன் கூட்டி வருகின்றன.

'டியூட்டி' என்றால் தர்மம் என்று மனம் சொல்லும். நம் வழக்கில் தர்மம் ஆளுக்கும் நிலைக்கும் ஏற்ப மாறும்: அரசனுக்கு ஒன்று, துறவிக்கு ஒன்று. காண்ட் சொல்லும் கடமை நேர்மாறானது. பகுத்தறிவுள்ள எவருக்கும், எந்த நிலையிலும், ஒன்றே. ஒரு விதியை எல்லாரும் பின்பற்றும் பொதுச் சட்டமாக்க முடியுமா என்பதே சோதனை. தர்மத்தை மனத்தில் வைத்துக் காண்ட்டை எழுதினால் கட்டுரை முழுவதும் சற்றே கோணலாகப் போகும்; எங்கே தவறியது என்று எழுதியவருக்கே புலப்படாது.

'சோல்' என்றால் ஆன்மா. ஓர் உடலை விட்டு இன்னோர் உடலுக்குப் போவது என்பது நாம் கேட்டு வளர்ந்த பொருள். பிளேட்டோவுக்கு இது ஓரளவு பொருந்தும். அவரும் மறுபிறவியைப் பேசுகிறார். அரிஸ்டாட்டிலுக்குப் பொருந்தவே பொருந்தாது. அவர் சொல்லும் ஆன்மா உடலுக்குள் குடியிருக்கும் ஒரு பொருளன்று, உயிருள்ள உடலின் வடிவமும் ஆற்றலும். கோடாரிக்கு உயிர் இருந்தால் வெட்டும் திறனே அதன் ஆன்மா என்பது அவர் தரும் உவமை. கோடாரி போனால் வெட்டும் திறன் தனியே எங்கும் போகாது.

'ஈவில்' என்றால் தீமை. தமிழில் தீமை என்றதும் ஒருவர் இன்னொருவருக்குச் செய்வதே நினைவுக்கு வரும். பாடத்தில் இரண்டு வகை: மனிதர் செய்யும் ஒழுக்கத் தீமை, இயற்கையால் வரும் தீமை. 1755-இல் லிஸ்பனை அழித்த நிலநடுக்கமும் 2004 ஆழிப்பேரலையும் இரண்டாம் வகை. இந்த வேறுபாடு இல்லாமல் பழங்காலக் கிறித்தவச் சிந்தனையாளர் அகஸ்டினை மதிப்பிட முடியாது. மனிதரின் தன்விருப்பத்தால் தீமை வந்தது என்ற அவருடைய பதிலுக்குச் சிரமம் கொடுப்பது இரண்டாம் வகையே. நம் வீடுகளில் துன்பத்துக்குச் சொல்லும் முதல் காரணம் வினைப்பயன். கிறித்தவத் தீமைச் சிக்கல் கட்டுரைக்குள் அதை நுழைக்காதீர்கள். ஆனால் கேள்வியின் கூர்மையைப் புரிந்துகொள்ள அது உதவும்: முற்பிறவி இல்லை என்றால், பிறந்த குழந்தை படும் துன்பத்துக்கு எதைக் காரணம் காட்டுவது? இறையியலாளர் ஹிக் 1966-இல் எழுதிய பதில், துன்பம் ஆன்மாவைப் பக்குவப்படுத்தும் இடமே உலகம் என்பது, இந்த இடத்திலிருந்து படித்தால் சட்டென்று விளங்கும்.

'கான்ஷியன்ஸ்' என்றால் மனசாட்சி, உள்ளிருந்து உறுத்தும் குரல். இடைக்காலக் கிறித்தவ மெய்யியலாளர் அக்வினாஸுக்கு அது குரலுமல்ல, உணர்ச்சியுமல்ல. அறிவு ஒரு செயலைப் பற்றித் தரும் தீர்ப்பு. அறிவு தவறினால் மனசாட்சியும் தவறும். உறுத்தும் குரல் என்ற பொருளுக்கு அருகில் வருபவர் ஃபிராய்ட். அந்தக் குரல் பெற்றோரிடமிருந்தும் சமூகத்திடமிருந்தும் உள்ளே குடியேறியது என்பது அவர் கருத்து. இருவரையும் ஒப்பிடச் சொல்லும் கேள்வி பாடத்திட்டத்திலேயே இருப்பதால், இந்த ஒரு சொல்லைச் சரியாகப் பிடித்தால் ஒரு முழுத் தலைப்பு கைக்கு வரும்.

இதற்கு வேலை எளிது. ஒரு நோட்டில் இடப்பக்கம் ஆங்கிலக் கலைச்சொல், நடுவில் உங்கள் தமிழ்ச் சொல், வலப்பக்கம் 'இந்தப் பொருள் இல்லை' என்று ஒரு வரி. அந்த மூன்றாவது கட்டமே பயன் தருவது. நாற்பது சொற்கள் சேர்ந்தாலே அடித்தளம் போட்டாயிற்று.

ஆண்டும் பெயரும் செய்யும் தவறுகள்

"பேலியின் கடிகார வாதத்தை ஹியூம் மறுத்தார்" என்ற வரி எண்ணற்ற விடைத்தாள்களில் வருகிறது. கடிகாரத்தைப் பார்த்தால் அதைச் செய்தவர் உண்டு என்பதுபோல, உலகைப் பார்த்தால் அதை வடிவமைத்தவர் உண்டு என்பது பேலியின் வாதம். ஹியூம் 1776-இல் இறந்துவிட்டார். இயற்கைவழி இறையியலைத் தாக்கும் அவருடைய உரையாடல் நூல் 1779-இல் வெளிவந்தது. பேலி கடிகாரத்தை எழுதியது 1802-இல். "ஹியூம் முன்பே எழுப்பிய தடைகள் பேலியின் வாதத்துக்கும் பொருந்தும்" என்று எழுதுங்கள். அதைவிட நல்லது: "ஹியூமைப் பேலி போதுமான அளவு கணக்கில் எடுக்கவில்லை" என்று வாதாடுவது. தவறான ஆண்டைத் திருத்தினால் ஏஓ2-க்கு ஒரு வரி இலவசமாகக் கிடைக்கிறது.

கடவுள் உண்டு என்று காட்ட அக்வினாஸ் தரும் ஐந்து வழிகளில் முதல் மூன்றை, காலத்தில் பின்னோக்கிப் போகும் சங்கிலியாகப் படிப்பது அடுத்தது. கூரையிலிருந்து சங்கிலியில் தொங்கும் விளக்கை நினைத்துக்கொள்ளுங்கள். ஒவ்வொரு வளையமும் மேலுள்ள வளையத்தால் இந்த நொடியில் தாங்கப்படுகிறது. கடைசியில் கூரையில் கொக்கி வேண்டும். அக்வினாஸ் முதன்மையாகத் தேடுவது அந்தக் கொக்கியை. உலகுக்குத் தொடக்கம் உண்டு என்று மெய்யியலால் நிறுவ முடியாது என்றே அவர் கருதினார். ஆகவே "பெருவெடிப்பு வந்துவிட்டது, அக்வினாஸ் தேவையில்லை" என்ற பத்தி குறி தவறிய அம்பு. அதே அக்வினாஸின் நான்காம் வழியை எழுதி நேரம் போக்க வேண்டாம். ஓசிஆர் கேட்பது முதல் மூன்றும், வடிவமைப்பு வாதத்துக்கான ஐந்தாவதும்.

அறவியல் தாளில் கருணைக்கொலைத் தலைப்பில் அடிக்கடி வருவது 'நான்-வாலன்டரி', 'இன்வாலன்டரி' குழப்பம். முதலாவது, நோயாளியால் விருப்பம் சொல்ல முடியாத நிலை. இரண்டாவது, அவர் விருப்பத்துக்கு மாறாகச் செய்வது. நினைவு திரும்பாத நிலையில் கிடந்த டோனி பிளாண்ட் பற்றி 1993-இல் பிரபுக்கள் அவை தீர்ப்பளித்த வழக்கு முதலாவதோடு சேரும். அங்கே கேள்வி சிகிச்சையையும் குழாய்வழி உணவையும் நிறுத்துவது பற்றியது, ஆகவே 'செய்தல்', 'செய்யாமல் விடுதல்' வேறுபாட்டுக்கும் அது நல்ல எடுத்துக்காட்டு.

அக்வினாஸின் இயற்கை நெறியில் (நேச்சுரல் லா) 'இயற்கை' என்றால் காட்டில் நடப்பது என்று பொருளில்லை. மனிதனின் நோக்கத்தை அறிவால் கண்டுகொள்வது. காண்ட்டைத் தொழில் அறவியலில் எழுதும்போது அவருடைய கடைக்காரர் எடுத்துக்காட்டை விட்டுவிடாதீர்கள். விலை தெரியாத குழந்தை வந்தாலும் கடைக்காரர் அதிகம் வாங்குவதில்லை. ஆனால் பெயர் கெடாமல் இருக்கவே அப்படிச் செய்தால், செயல் கடமைக்கு ஒத்துப்போகிறது, கடமையால் செய்யப்படவில்லை. 'நேர்மையே நல்ல வியாபாரம்' என்ற தலைப்பு முழுவதும் இந்த ஒரு கடைக்காரர் மேல் நிற்கும். ஒரு செயல் தரும் இன்பத்தையும் துன்பத்தையும் அளக்கும் பெந்தாமின் இன்பக் கணக்கில் ஏழு அளவுகோல்களையும் ஒப்பிப்பதைவிட, இரண்டை எடுத்து ஒரு நிறுவனத்தின் முடிவில் பொருத்திக் காட்டுவது மேல்.

மூன்றாம் தாள் கிறித்தவம் என்றால் பைபிள் பின்னணி இல்லாதவர்கள் பயப்பட வேண்டாம். ஆதாம் ஏவாள் வீழ்ச்சி (ஆதியாகமம் 3), மலைப்பொழிவு (மத்தேயு 5 முதல் 7 வரை), ஆடுகளும் வெள்ளாடுகளும் (மத்தேயு 25), நல்ல சமாரியன் (லூக்கா 10) ஆகிய நான்கையும் ஒரு மாலையில் வாசித்துவிடலாம். தமிழ் விவிலியத்தில் வாசித்தாலும் போதும். இந்து சமயம் எடுக்கும் பள்ளியில் சேர்ந்த நம் பிள்ளைகளுக்கு எதிர்ப்பக்கச் சிக்கல்: கோயிலில் பார்த்ததையும் வீட்டில் செய்வதையும் வைத்தே எழுதிவிடலாம் என்ற எண்ணம். பிரம்மம், ஆன்மா, கர்மம் பற்றி அறிஞர்களுக்குள் உள்ள கருத்து வேறுபாட்டைத்தான் தாள் கேட்கும், விழாவையும் விரதத்தையும் அல்ல.

வாரம் எப்படிப் போக வேண்டும்

வகுப்பு நேரத்துக்கு வெளியே வாரம் நான்கு முதல் ஐந்து மணி நேரம் ஒதுக்குங்கள். ஒரு தலைப்பு முடிந்ததும் ஒரே ஓர் ஏ4 தாள். மேலே ஐந்து கலைச்சொற்கள். நடுவில் வாதம், அதற்கு மறுப்பு, மறுப்புக்குப் பதில், அந்தப் பதிலின் ஓட்டை என்று அம்புக்குறியோடு குறைந்தது மூன்று சங்கிலிகள். கீழே உங்கள் தீர்ப்பு, 'ஏனெனில்' என்ற சொல்லோடு. ஒரு தாளில் அடங்கவில்லை என்றால் தலைப்பு இன்னும் பிடிபடவில்லை.

கட்டுரை இரண்டு வாரத்துக்கு ஒன்று. முதல் பருவத்தில் நோட்டைத் திறந்துவைத்து, நேரம் பார்க்காமல். ஜனவரியிலிருந்து நோட்டை மூடி, 60 நிமிடம். இரண்டாம் ஆண்டு தொடக்கத்திலிருந்து 40 நிமிடம், கையால். தட்டச்சில் பழகிவிட்டுத் தேர்வில் இரண்டு மணி நேரம் பேனா பிடித்தால் மூன்றாம் கட்டுரையில் கை வலிக்கும், எழுத்து கலையும்.

எழுதியதைத் திருத்த இரண்டு ஹைலைட்டர் போதும். விளக்கும் வரிகளுக்கு மஞ்சள், எடைபோடும் வரிகளுக்குப் பச்சை. பச்சை எல்லாப் பத்தியிலும் சிதறி இருக்க வேண்டும். முழுதும் மஞ்சளாக ஓடி, கடைசியில் மட்டும் பச்சை தேங்கி நின்றால், 23 மதிப்பெண் கட்டுரை உங்கள் கையில் இருக்கிறது. பிறகு மார்க் ஸ்கீமை (மதிப்பெண் இடும் விதிமுறை) எடுத்து நிலைகளைப் பாருங்கள்: உச்சமான ஆறாம் நிலைக்கு ஏஓ1-இல் 14–16, ஏஓ2-இல் 21–24. தேர்வு வாரியம் வெளியிடும் தேர்வாளர் அறிக்கைகளும் இலவசம். மாணவர்கள் எங்கே சறுக்கினார்கள் என்று அவற்றில் கேள்வி வாரியாக இருக்கும். அதை வாசிக்கிறவர்கள் குறைவு. வாசித்தால் கண்டிப்பாகப் பலன் உண்டு.

மூலநூல் வாசிக்க ஆசை இருந்தால் சிறியதில் தொடங்குங்கள். ஆன்செல்மின் 'ப்ரோஸ்லோகியன்' 2 முதல் 4 வரையான அத்தியாயங்கள் சில பக்கங்களே. ஃப்ளூ, ஹேர், மிட்செல் மூவரும் 1950-இல் பொய்ப்பிக்கும் தன்மை (ஒரு கூற்று பொய் என்று காட்ட வழி உண்டா என்பது) பற்றி நடத்திய விவாதமும் குறுகியது. யார் கண்ணுக்கும் படாத தோட்டக்காரன் கதை அங்கே வருகிறது. ஜான் விஸ்டம் முன்பு சொன்னதை ஃப்ளூ தன் வாதத்துக்கு மாற்றி எழுதினார். ஸ்டான்ஃபோர்ட் தத்துவக் கலைக்களஞ்சியம் இணையத்தில் இலவசம், ஆனால் பட்டப்படிப்பு நிலைக்கானது. முன்னுரையை வாசித்து நிறுத்திக்கொண்டாலே போதும்.

தலைப்பை விட்டுப் படிக்கலாமா?

எல்லாரும் கேட்பது, ஆகவே கணக்கோடு சொல்கிறோம். மெய்யியல் தாளில் ஒன்பது தலைப்புகள். நான்கு கேள்விகளும் வெவ்வேறு தலைப்புகளிலிருந்து, எந்தச் சாய்வுமின்றி வருவதாக வைத்துக்கொண்டால், ஒரு தலைப்பை விட்டாலும் மூன்று கேள்விகள் நிச்சயம் கையில் இருக்கும், தேர்ந்தெடுக்கும் உரிமை மட்டும் குறையலாம். இரண்டை விட்டால் ஆறில் ஒரு பங்கு வாய்ப்பில் மூன்று கேள்விகள் தேறாமல் மாட்டிக்கொள்வீர்கள். மூன்றை விட்டால் ஐந்தில் இரண்டு பங்கு. இதிலும் ஓர் எச்சரிக்கை: கேள்விகள் வெவ்வேறு தலைப்பிலிருந்துதான் வரும் என்று யாரும் உறுதி தரவில்லை, இரண்டு தலைப்புகளை இணைத்தும் கேட்கலாம். ஒன்றுக்கு மேல் விட வேண்டாம். விடுவதானால் சமய மொழியை (கடவுளைப் பற்றிய பேச்சுக்குப் பொருள் உண்டா என்ற தலைப்பு) மட்டும் விடாதீர்கள். இரண்டு தலைப்புகளாக இருப்பது அது. கடினம் என்று பலர் ஒதுக்குவதும் அதுவே. அதைப் பற்றி எழுதிய ஏயர், விட்கென்ஸ்டைன், தில்லிக் ஆகியோரை ஒருமுறை தெளிவாகப் படித்தவர்களுக்கு அது நன்றாக எழுத வரும்.

தேர்வு நாள்

தாள் கைக்கு வந்ததும் நான்கு கேள்விகளையும் வாசித்து, ஒவ்வொன்றிலும் எந்தச் சொல் முழு எடையையும் தாங்குகிறது என்று அடிக்கோடிடுங்கள்: 'மட்டுமே', 'எப்போதும்', 'மிகச் சிறந்த'. "தீமைச் சிக்கலுக்கு அகஸ்டினின் பதிலே மிகச் சிறந்தது" என்றால் அகஸ்டினை மட்டும் எழுதி முடிக்க முடியாது. ஹிக்கோடு ஒப்பிட்டால்தான் 'மிகச் சிறந்தது' என்பதற்குப் பதில் வரும். எளிதாகத் தோன்றும் கேள்வியில் இந்தச் சொல் இடறினால் அதை விட்டுவிடுங்கள்.

ஒரு கட்டுரைக்கு 5 நிமிடம் திட்டம், 32 நிமிடம் எழுத்து, 3 நிமிடம் மீண்டும் வாசிப்பு. திட்டம் என்றால் நான்கு பத்திகளுக்கு நான்கு வரி, ஐந்தாவதாகத் தீர்ப்பு. தீர்ப்பை முதலில் எழுதிவிட்டு மற்ற நான்கையும் நிரப்புவது நல்லது. கேள்வி எண்ணைத் தெளிவாகக் குறியுங்கள். நினைவுக்கு வராத பெயருக்காக நின்றுவிடாமல் "ஒரு விமர்சகர்" என்று எழுதிக் கடந்து போங்கள். வாதம் சரியாக இருந்தால் இழப்பு மிகச் சிறியது.

40-ஆம் நிமிடத்தில் நிறுத்துங்கள், வாக்கியம் பாதியில் இருந்தாலும். பிடித்த தலைப்பு வந்துவிட்டது என்று முதல் கட்டுரைக்கு 55 நிமிடம் எடுத்துக்கொள்வதே இந்தத் தாளில் மிக அதிக மதிப்பெண்ணைக் கொண்டுபோகிறது. இரண்டு கட்டுரைக்கு 31 வாங்கி மூன்றாவதில் நேரமில்லாமல் 10 வாங்கினால் மொத்தம் 72. மூன்றுக்கும் சுமாராக 27 வாங்கினால் 81. அப்படியும் மூன்றாவதற்குப் பதினைந்து நிமிடமே மிஞ்சினால் முன்னுரை வேண்டாம். தீர்ப்பை ஒரு வரியில் சொல்லி, உங்களுக்குத் தெரிந்த மிக வலுவான எதிர்வாதத்தையும் அதற்கான பதிலையும் ஒரு முழுப் பத்தியாக எழுதி, அந்தப் பதில் ஏன் போதும் அல்லது போதாது என்று முடித்துவிடுங்கள்.